பஞ்சுருட்டான்கள் போகிற மாதம்

பாலிக் புலாவ் முனையத்தில் எனக்கு
இருபத்திரண்டு நிமிடம்.
எஞ்சினை அணைத்தால் வெயில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.
அணைக்காவிட்டால் டீசல் கணக்கு கேட்பார்கள்.
அணைத்துவிட்டு
இருக்கைக்கு அடியிலிருந்து பையை எடுக்கிறேன்.

ஒரு பழைய சிடி, நடுவே
மீ கடையில் கொடுத்த சாப்பாட்டுக் குச்சி:
இதுதான் என் தக்களி.
சிடியில் இருந்தவை கல்யாணப் படங்கள்.
யாருடைய கல்யாணம் என்று கேட்க வேண்டாம்.
சுழலும்போது அதில் வானவில் வருகிறது,
முன்பு வந்ததில்லை.

மணிக்கட்டு முறிந்த வருடம்
சிகிச்சை அறையில் நோர் ஹசிமா
ரப்பர் பந்தைக் கொடுத்து நசுக்கச் சொன்னாள்.
எனக்குப் பந்து அலுத்தது.
அடுத்த வாரம் இரண்டு பின்னல் ஊசி.
"விரலுக்குத்தான், ஸ்வெட்டருக்கு இல்லை."
இந்தத் தீவில் ஸ்வெட்டரா என்று
டிப்போவில் தணிகாசலம் இன்னும் சிரிக்கிறான்.

வசந்தம் எங்களுக்கு வருவதில்லை.
மழை, கொஞ்சம் மழை, புகைமூட்டம், மறுபடி மழை.
மார்ச்சில் மட்டும்
முனையத்துக்குப் பின்னால் இலவமரம்
காயை உடைத்துக்கொள்கிறது.
சூராவ் கூரையில் பஞ்சு,
கோப்பி கடை மேசையில் பஞ்சு,
என் வைப்பரில் பஞ்சு.
இலவு காத்த கிளிக்குத்தான் ஏமாற்றம்.
இலவு காத்த ஓட்டுநருக்குப் பை நிறைய.

ஆனால் வழுக்கும்.
பிடித்து முறுக்கினால் விரலுக்குள் இல்லாமல் போகும்.
மூன்றில் ஒரு பங்கு கம்பளி சேர்த்தால்
மனமில்லாமல் நூலாகும்,
அதுவும் அங்கங்கே
பாம்பு எலி விழுங்கியதுபோல.

எதிரே மின்கம்பியில்
நீலவால் பஞ்சுருட்டான்கள்.
யார் வைத்த பேரோ,
ஒரு பஞ்சையும் இவை உருட்டி நான் பார்த்ததில்லை.
தேனீயைக் கவ்விக் கம்பியில் அடிக்கும்,
கொடுக்கு கழலும்வரை தேய்க்கும்,
பிறகு ஒரே விழுங்கு.
அருகே பஞ்சு மிதந்து போகும், திரும்பியும் பார்க்காது.

திங்கட்கிழமை இருபத்தேழு இருந்தன.
என் ஊசியிலும் இருபத்தேழு கண்ணி.
கண்ணி என்றால் குருவி பிடிப்பது என்றுதான்
இத்தனை நாள் தெரியும்.
நான் போட்ட கண்ணிகளில்
எதுவும் விழவில்லை.

புதன், பத்தொன்பது.
வியாழன் எனக்கு விடுமுறை.
வெள்ளிக்கிழமை நான்கு,
நான்கும் ஒரே திசை பார்த்து.
வடக்கே எங்கோ ஓர் ஆற்றங்கரையில்
பொந்து குடைகிற பதத்துக்கு
மண் இளகியிருக்க வேண்டும்.
அதை இந்தக் கம்பிக்கு யார் வந்து சொன்னது?
வேறு ஊரில் வசந்தம் என்பதற்கு
எங்கள் ஊர்ச் சான்று
காலியான கம்பி.

நான் பின்னிக்கொண்டிருந்தது
சட்டையும் இல்லை, குல்லாவும் இல்லை.
இடப்பக்கம் மூன்றாம் இருக்கைக்கு மேலே
ஏர்கோன் வாய் ஒன்று மூடாது.
மூன்று முறை எழுதிக் கொடுத்தேன்.
இரவு வேலை முடிந்து
பாயான் லெப்பாஸில் ஏறுகிற பிலோமினா
அங்கேதான் உட்காருவாள், கைப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு.
வேறு இடம் இருந்தாலும் அங்கேதான்.
கடல் தெரியும் சன்னலாம்.

வட்டமாக, உள்ளங்கை அளவில்,
கொஞ்சம் கோணலாக ஒரு மூடி.
சனிக்கிழமை விடியலில் மாட்டினேன்.
அவள் நிமிர்ந்து பார்த்தாள்.
"இது என்ன, கூடா?"
"ஆமாம்" என்றேன்.
தெலுக் கும்பார் வளைவு வருமுன்
தூங்கிவிட்டாள், கடலைப் பார்க்காமலே.

திங்கட்கிழமை மேற்பார்வையாளர் அதைப் பிடுங்கி
இது யார் வேலை என்பார்.
அதற்குள் இன்னொன்று ஆகிவிடும்.
முனையம். இருபத்திரண்டு நிமிடம்.
கம்பியில் ஒன்று மிச்சம்,
இல்லை,
அது பட்டத்தின் கந்தல்.
ஊசியில் கண்ணி ஏற்றுகிறேன்,
ஒன்று, இரண்டு.